பாக் மீது புசோனி ஏறி உட்காரலாமா?

கேள்வி: ஒற்றை வயலினுக்காக பாக் எழுதிய ‘சக்கோன்’ இசையை, 1893-இல் புசோனி பியானோவுக்கு மாற்றி ஊதிப் பெரிதாக்கியது அத்துமீறல்தானே?

பதில்: அப்படியானால் குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் பாக்தான்! சக்கோன் இடம்பெற்ற அதே 1720-ஆம் ஆண்டு வயலின் தொகுப்பிலிருந்து ஒரு முன்னிசையை எடுத்து, 1731-இல் தம் 29-ஆம் கான்ட்டாட்டாவில் ஆர்கனுக்குக் கொடுத்து, டிரம்பெட்டும் முரசும் சேர்த்து முழங்க வைத்தவர் அவர். “சொந்தச் சரக்கு, என்ன வேண்டுமானாலும் செய்வார்” என்பீர்கள். விவால்டியின் நான்கு வயலின் கான்செர்ட்டோவை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு மாற்றினாரே, அது யார் சரக்கு? புசோனி செய்ததும் அதே வேலைதான். வயலினில் கோடிகாட்டி மட்டும் விடப்பட்ட தாழ்ந்த சுரங்களுக்கு முழு உருவம் கொடுத்தார். இசை மேஜர் சுரவரிசைக்கு மாறும் இடத்தில் டிராம்போன் போல ஒலிக்கட்டும் என்று குறிப்பும் எழுதினார். கொஞ்சம் ஆடம்பரம்தான், மறுக்கவில்லை.

உங்கள் கட்சிக்கு வலுவான வாதம் வேறொன்று உண்டு: நான்கே தந்திகளில் ஒருவர் தனியாகப் போராடும் அந்தத் தவிப்பு, பத்து விரலும் எண்பத்துச் சொச்சம் கட்டைகளும் வந்ததும் காணாமல் போகிறது. உண்மைதான். அதனால்தான் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1877-இலேயே சக்கோனைப் பியானோவில் இடது கைக்கு மட்டும் எழுதி, அந்தச் சிரமத்தைக் காப்பாற்றினார். ஆனால் புசோனி மூலத்தை அழித்துவிடவில்லையே; வயலின்காரர்கள் இன்றும் அதே நான்கு தந்திகளில்தான் திண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.