மலை ஏறினால் மனம் சரியாகுமா?

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் என் தம்பியை, "மருந்தை விட்டுட்டு ஒரு வாரம் ஏற்காட்டுல இரு, சரியாயிடும்" என்கிறார்கள் உறவினர்கள். சரியாகுமா? (வாசகர், சேலம்)

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள், மாத்திரையும் கூடவே வரட்டும்! ஏற்காட்டுக்கு ஏறும் சேர்வராயன் மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் மூளை இறங்கிக்கொள்வதில்லை.

மனநோய்க்கு உடம்பிலும் வேர் உண்டென்று காட்டியதில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கே பங்கிருக்கிறது. சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உதவுவதை 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. அது மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் குறைப்பது 1955-இல் தெரிந்தது. ரத்த அழுத்தத்துக்காக அதைச் சாப்பிட்ட சிலர் காரணமே இல்லாமல் சோர்ந்துபோனதாக டாக்டர்கள் பதிவு செய்தார்கள். சோகம் வரச் சோகக்கதைதான் வேண்டுமென்பதில்லை!

மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவு மட்டுமே காரணம் என்ற பழைய கணக்கு இன்று நிற்கவில்லை. மரபணு, ஹார்மோன், தூக்கம், வாழ்க்கையில் விழுந்த அடி எல்லாம் சேர்கின்றன. ஆகவே ஏற்காட்டு ஏரிக்கரையில் நடை நல்லதுதான், மருந்துக்கு மாற்றாக அல்ல. மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. குறைப்பதை டாக்டர் சொல்லட்டும், சித்தப்பா அல்ல. அவசரமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.