எழுத்துக்கு எவ்வளவு?

கலைக்கு விலை உண்டா என்று பட்டிமன்றத்தில் பேசுவார்கள். எங்கள் கோவில்பட்டியில் அந்தச் சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை. உண்டு. எழுத்துக்கு இத்தனை ரூபாய். விலையில் தகராறு வருவதும் குறைவு. எது எழுத்து என்பதில்தான் வரும்.

1980-களின் நடுவில் குருநாதரிடம் போர்டு எழுதப் பழகினேன். தகரத்துக்குப் பிரைமர் அடிப்பது, நூல் பிடித்துக் கோடு போடுவது, சாக்பீஸில் எழுத்தை நிறுத்துவது, எனாமலில் நிரப்புவது, கடைசியில் ஷேடு கொடுப்பது என்று வரிசையாகக் கற்றுக்கொடுத்தார். அவர் கற்றுக்கொடுக்காமல் நானாகக் கற்றது இலக்கணம். ‘கோவில்பட்டி’ என்று எழுதினால் தொல்காப்பியர் கணக்கில் ஆறு எழுத்து. என் தூரிகைக் கணக்கில் எட்டு. ‘கோ’வுக்கு முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால், மூன்றுக்கும் தனித்தனியாகத்தானே பெயின்ட் செலவாகிறது? கடைக்காரர்கள் அதுவரை எங்கோ பதுக்கி வைத்திருந்த தமிழறிவை அப்போதுதான் வெளியே எடுப்பார்கள். “கொம்பும் காலும் எழுத்தா தம்பி? உயிர்மெய் ஒரே எழுத்துன்னு அஞ்சாம் கிளாஸ்ல படிக்கலையா?”

எழுத்துச் சீர்திருத்தம் வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் பரிந்துரைத்ததில் 13 எழுத்துகளின் வடிவை மாற்றி ஆணை போட்டது. யானைத் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’ போய், கொம்பு தனியே நிற்கும் ‘லை’ வந்தது. ஒரே சுழிப்பில் முடிந்த ‘ணா’ போய், கால் தனியாக முளைத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நிம்மதி. எங்கள் ஊர் வியாபாரிகளுக்கு நஷ்டம். ‘கடலை மிட்டாய்’க்கும் ஓர் எழுத்துக் கூடிவிட்டது, ‘அண்ணாச்சி’க்கும் ஓர் எழுத்துக் கூடிவிட்டது. கோவில்பட்டியில் இந்த இரண்டு சொல்லும் இல்லாத போர்டு அபூர்வம். சட்டையே கறுப்பில் போடுகிற ஒரு பகுத்தறிவாளர்கூட என் காதோரம் வந்து, “லை மட்டும் பழசுலயே போட்டுரு, இடம் மிச்சம்” என்றார்.

ஒற்றுகள் பட்ட பாடு தனி. ‘மளிகைக் கடை’யில் நடுவே நிற்கும் ‘க்’கை எந்த முதலாளியும் ஒத்துக்கொண்டதில்லை. “அது இல்லேன்னா பருப்பு விக்காதா?” ஒருநாள் ஏணிமேல் நின்று ‘மளிகை கடை’யை முடிக்கிற நேரம், ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவர் கீழே சைக்கிளை நிறுத்தினார்.

“க் எங்கேப்பா?”

“முதலாளி வேண்டாம்னுட்டார்யா. எழுத்துக் கணக்கு.”

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு அந்த ஒற்றுக்கான காசை எடுத்து என்னிடம் நீட்டினார். பேரம் பேசாமல், ‘அடுத்த வாரம் பார்ப்போம்’ சொல்லாமல், ரொக்கமாக எனக்கு முதன்முதலில் வந்த கூலி அதுதான். இடம் இல்லாததால் இரண்டு சொல்லுக்கும் நடுவில் க்-ஐ நெருக்கித்தான் நுழைத்தேன். மற்ற எழுத்துகளுக்கான பணத்தை வசூலிப்பதற்குள் அந்த முதலாளி மளிகையை விட்டுவிட்டு வட்டிக்கடைக்குப் போய்விட்டார்.

எழுத்துக் கணக்கு முடிந்தால் சுவர்க் கணக்கு. பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் இருக்கிறது. அதன் நிழலில்தான் நாங்கள் பிழைத்தோம். தேர்தலுக்கு வெகுநாள் முன்பே கட்சிக்காரர்கள் சுண்ணாம்படித்து, ஓரத்தில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதிச் சுவரை ரிசர்வ் செய்துவிடுவார்கள். ரயில் டிக்கெட்டுக்கு முன்பே எங்களுக்குச் சுவரில் ரிசர்வேஷன் வந்துவிட்டது. காலையில் கிழக்குப் பார்த்த சுவரில் உதயசூரியன், சாயங்காலம் மேற்குப் பார்த்த சுவரில் இரட்டை இலை. கொள்கைக்கு இடைவெளி, நடுவில் தூரிகையை டர்பன்டைனில் கழுவுகிற நேரம்.

இதில் நான் தேர்ந்தது வசூல். தோற்ற வேட்பாளரிடம் பாக்கி கேட்கப் போனால் துஷ்டி வீட்டுக்குப் போன மாதிரி பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். ஜெயித்தவர் சென்னையில் இருப்பார். ஆகவே வாக்கு எண்ணிக்கைக்கு முந்தின நாள்தான் வசூல் நாள். அன்றைக்கு எல்லோரும் ஜெயிப்போம் என்றே நம்புகிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு வங்கிக்காகக் கிராமம் கிராமமாய்ச் சுவரில் எழுதினேன். சுயதொழில் செய்வோருக்கு எளிய கடன், தாமதிக்காமல் வாருங்கள் என்ற விளம்பரம். நானும் தாமதிக்காமல் போனேன். மேனேஜர் மரியாதையாக உட்காரவைத்தார். வருமானச் சான்று கேட்டார். பின்பக்கச் சுவரைக் காட்டினேன். நல்ல கையெழுத்து என்றார். அத்துடன் சரி.

தொழில் ஆடும்போதெல்லாம் குருநாதர் ஒரே மருந்துதான் கொடுப்பார்: கொண்டையராஜு. நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிக்கொண்டிருந்தவர். கம்பெனி 1940-களில் கலைந்தபோது கோவில்பட்டியில் தங்கினார். படுதாவுக்கு வேலை இல்லை என்று ஆனதும் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். பிறகு காலண்டருக்குச் சாமி படம் வரைந்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை லட்சக்கணக்கில் அச்சடித்தன. நாம் இன்று கண்ணை மூடிக் கும்பிடும்போது உள்ளே தெரிகிற முருகனும் லட்சுமியும் பாதிக்கு மேல் அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முகங்கள்தான் என்பது என் கட்சி. “கம்பெனி கலைஞ்சதாலதான்டா காலண்டர் வந்துச்சு” என்பார் குருநாதர். இதை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே, “அவர் வரைஞ்ச லட்சுமி ஊர்ல எல்லார் வீட்டுக்குள்ளயும் வந்துட்டா. நீங்க வரைஞ்ச லட்சுமி லாரி ஏறிப் போயிட்டா” என்றாள். அப்போது நான் லாரிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

லாரியிலிருந்து ரேடியத்துக்கு வந்தேன். ஒளிரும் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டும் தொழிலுக்கு ரேடியம் என்று யார் பெயர் வைத்தார்களோ, மேரி கியூரி அம்மையாருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார். நம்பர் பிளேட், பெட்ரோல் டேங்கில் தேள், கண்ணாடியில் காதலி பெயரின் முதலெழுத்து. இதில் ஒரு வசதி: எழுத்து மாறினால் சுரண்டிவிட்டு வேறு ஒட்டலாம். சில பையன்கள் எனக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள்.

2000-க்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. எழுத்துக் கணக்கு ஒழிந்து சதுர அடிக் கணக்கு. பத்தடிக்கு எட்டடியில் ஒரே ஓர் எழுத்தைப் போட்டாலும், திருக்குறள் முழுவதையும் போட்டாலும் ஒரே காசு. தமிழ்நாட்டில் பேனர் வாசகங்கள் இவ்வளவு நீண்டதற்கு இதைத்தவிர வேறு காரணம் கிடையாது. இலவசம் என்றதும் ஒற்றுகள் திரும்பி வந்தன, வேண்டாத இடத்திலும். ‘வருக வருக’ என்று முன்பு இரண்டோடு நின்றது, ‘வருக வருக வருக’ ஆனது.

நான் கோரல் டிரா கற்றேன். சுவரில் பத்தடி எழுத்தை நூலில்லாமல் நேராக இழுத்த கை, எலியைப் பிடித்து ஒரு கோடு போட முடியாமல் நடுங்கியது. தமிழ் எழுத்துரு வேறு. எங்களிடம் பாமினியில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக எழும். அப்படி ஒரு ‘கண்ணீர் அஞ்சலி’ அச்சாகி வந்தபோது, கொண்டுபோனவர், “இங்கிலீஷ்லயா போட்டீங்க? பரவால்ல, மருமகன் அமெரிக்காவுலதான இருக்காரு” என்று சமாதானமாகக் கட்டிக்கொண்டு போனார்.

ஆனால் பிளக்ஸின் உண்மையான கலை எழுத்தில் இல்லை, தலைகளில் இருக்கிறது. காதணி விழா பேனர் என்றால் காது குத்தப்படுகிற குழந்தை ஒரு மூலையில், அஞ்சல்தலை அளவில். நடுவில் தாய்மாமன். தாய்மாமன் இருவர் என்றால் யார் தலை பெரிது? நான் ஸ்கேல் வைத்து அளந்து சமமாகப் போடுவேன். ஒருவருக்கு முடி அதிகம் இருக்கும். அடுத்தவர் முடியைக் கழித்துவிட்டு முகத்தை மட்டும் அளக்கச் சொல்வார். சித்தப்பா தரப்பு செல்போனில் கூப்பிட்டு, கூலிங் கிளாஸ் போட்ட படத்தை மாற்றச் சொல்லும். கல்யாண வீட்டில் பந்தியில் வருகிற சண்டையெல்லாம் என் கம்ப்யூட்டர் முன்னால் ஒத்திகை பார்க்கப்பட்டுத்தான் போயிருக்கிறது. இதற்கெல்லாம் தனி ரேட் கிடையாது. சதுர அடிதான். சமாதானப் பேச்சு இலவசம்.

2019-இல் ரேடியம், பிளக்ஸ் இரண்டும் போயின. ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம் என்றார்கள். அது கம்பெனியிலிருந்தே வருகிறது. செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுத்திட்டில் வைத்த பேனர் விழுந்து, இருசக்கர வாகனத்தில் போன ஓர் இளம்பெண் இறந்தார். அதில் பேச எதுவும் இல்லை. நீதிமன்றம் கண்டித்தது, கட்சிகள் இனி வைக்கமாட்டோம் என்றன. கடையில் பாதி நாள் மிஷின் ஓடவில்லை. நானும் ஓட்டச் சொல்லவில்லை. அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்து மீதியையும் மூடியது.

பழைய தூரிகைகளை மறுபடி எடுத்தது கோயம்புத்தூரில் படிக்கிற மகனால். வீட்டில் சும்மா இருந்த நேரத்தில் தகரத்தில் எழுத்துப் போட்டுப் பார்த்தேன். அவன் என் கையை மட்டும் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டான். முகம் வேண்டாமா என்றேன். “கை போதும்ப்பா” என்றான். முப்பது வருஷம் கடை வாசலில் நின்று கேட்காத ஆட்களெல்லாம் அந்தக் கையை விசாரித்தார்கள். விசிட்டிங் கார்டில் ‘ஆர்ட்ஸ்’ என்று இருந்து, ‘ரேடியம்ஸ்’ ஆகி, ‘டிஜிட்டல்ஸ்’ ஆனதை மகன் ‘கிரியேட்டிவ் ஸ்டூடியோ’ என்று மாற்றினான். கடை அதே கடைதான். ஸ்டூலும் அதே ஸ்டூல்.

அப்படி வந்தவன்தான் திருநெல்வேலியில் காபிக்கடை வைக்கிற தம்பி. நல்ல பையன், தாடி. “அண்ணே, கையால எழுதணும். ஆனா புதுசாத் தெரியக் கூடாது. அம்பது வருஷப் பழசா இருக்கணும். பழைய லை இருக்கில்ல, தும்பிக்கை வச்சது, அது போடுங்க.” எழுத்து மிச்சம் பிடிக்கிறானோ என்று பார்த்தேன். இல்லை, அதற்குக் கூடுதல் பணம் தருகிறானாம். பெயின்ட் உதிர்ந்த மாதிரி வேண்டும், ஆணியிலிருந்து துரு ஒழுகின மாதிரி வேண்டும். எழுதியது அரை நாள். அதைக் கெடுக்க இரண்டு நாள் ஆனது. மழை இந்த வேலையைச் சும்மா செய்து கொடுக்கும். நான் பில் போட்டேன். பேசின பணம் மறுநாளே வந்ததில் எனக்கு உடம்பே சரியில்லாமல் போனது.

போன மாதம் மதுரைக்குப் போனபோது அதே கடையின் கிளை. அதே போர்டு. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன், பிளக்ஸ். என் போர்டைப் போட்டோ எடுத்து அச்சடித்திருக்கிறான். நான் துணியைத் தேநீரில் நனைத்து ஒத்தி ஒத்தி வரவழைத்த துரு, நாலு ஆணியும் சேர்த்து அப்படியே விழுந்திருக்கிறது. உள்ளேதான் இருந்தான். காபி வரவழைத்தான்.

“எழுத்துக்கு என்னண்ணே தனியாக் காசு, தமிழ் எல்லாருக்கும் பொதுதானே” என்றான்.

“எழுத்து பொது தம்பி. துரு என்னோடது.”

தாடியைத் தடவி யோசித்தான். பிறகு, துருவுக்குச் சதுர அடி என்ன ரேட் என்று கேட்டான்.