முறுக்கிக்கொண்டு போன ஜெனரல்

கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் புதுச்சேரி. தாண்டிப் போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள், திரும்பும்போது வண்டி டிக்கியில் என்ன இருக்கும் என்பதெல்லாம் மதுவிலக்கு போலீசுக்கு அத்துப்படி. 1760ஆம் வருஷக் கடைசியில் இதே எல்லையில் இதைவிடக் கறாரான சோதனை நடந்தது. வெளியே வரும் பாட்டிலை யாரும் தேடவில்லை, உள்ளே போகும் அரிசியைத் தேடினார்கள். தேடச் சொன்னவர் கர்னல் அயர் கூட், பிற்காலத்து ஜெனரல் சர் அயர் கூட். பெயரில் அயர் இருக்கிறதே என்று கோத்திரம் விசாரிக்கக் கிளம்பாதீர்கள். ஆள் அயர்லாந்து, லிமரிக் பக்கம்.

இவரைப் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்தவாசி வீரர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர் எழுதிய நாட்குறிப்பு, கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போர், இவற்றின் வழியாக வரும் ஆள் வேறு. கல்யாண வீட்டில் பாயசம் பரிமாறத் தாமதமானால் துண்டை உதறிக்கொண்டு கிளம்பும் மாப்பிள்ளை அவர். பிளாசி, வந்தவாசி, பறங்கிப்பேட்டை எல்லாம் இரண்டு கோபங்களுக்கு நடுவே கிடைத்த ஓய்வு நேரத்தில் ஜெயித்தவை.

ஆரம்பமே அமோகம். 1746இல் ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் சண்டை தோற்றபோது பையன் களத்தைவிட்டு ஓடினான். ராணுவ விசாரணை நடந்தது. ஓடும்போது ரெஜிமென்ட் கொடியையும் தூக்கிக்கொண்டு ஓடியதால் வேலை தப்பியது. ஓடினாலும் அலுவலகச் சொத்தோடு ஓடவேண்டும் என்ற ஞானம் இருபது வயதில் எத்தனை பேருக்கு வரும்?

1757 ஜனவரியில் கல்கத்தா கோட்டையை மீட்டார்கள். கூட் கையில் அட்மிரல் வாட்சன் கொடுத்த உத்தரவு: கோட்டைக்கு அவர்தான் கவர்னர். கிளைவ் வந்து, அதெல்லாம் செல்லாது, மீறினால் கைது செய்வேன் என்றார். எதிரி ஓடிய ஈரம் காயவில்லை, சாவி யார் இடுப்பில் என்று சண்டை. அதே வருஷம் ஜூனில் பிளாசிக்கு முன் நடந்த ஆலோசனையில் பெரும்பான்மை, கிளைவ் உட்பட, இப்போது வேண்டாம் என்று கை தூக்கியது. உடனே அடிப்போம் என்ற சிறுபான்மையில் கூட் இருந்தார். கிளைவ் பிறகு மனம் மாறி அடித்தார், பேரும் வாங்கினார். கூட்டுக்கு அந்த வயிற்றெரிச்சல் ஆயுசுக்கும் ஆறவில்லை என்று நான் நினைக்கிறேன்.

1760 ஜனவரி 22, வந்தவாசி. எதிரே பிரெஞ்சுத் தளபதி லல்லி. அவருடைய அப்பாவும் அயர்லாந்து, கால்வே பக்கத்திலிருந்து பிரான்சுக்குப் போன குடும்பம். ஆக, அயர்லாந்து ரத்தங்கள் இரண்டு, ஒன்று லண்டனுக்காகவும் இன்னொன்று பாரீசுக்காகவும் நம் வந்தவாசிப் பொட்டலில் அடித்துக்கொண்டன. கூட் ஜெயித்தார். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியே கைதியானார். பிறகு ஆர்க்காடு. அடுத்து, மரக்காணம் உப்பளக் கரைக்கு வடக்கே, முன்னாள் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குக் கொடையாகக் கிடைத்திருந்த ஆலம்பரைக் கோட்டை. கடப்பாக்கம் கழிமுகத்தில் இன்று படம் பிடிக்க வருகிறவர்கள் சாய்ந்து நிற்கும் அந்த உடைந்த சுவர் அந்த வருஷத்துக் கைங்கரியம்தான்.

புதுச்சேரிதான் பாக்கி. ஊரைச் சுற்றி வளைவாக ஒரு வேலி: கற்றாழை, முள்மரம், நடுநடுவே பனையும் தென்னையும். அதை உடைக்கவேண்டிய நேரத்தில், செப்டம்பரில், லண்டனிலிருந்து தபால் வந்தது. மேஜர் மான்சன் லெப்டினன்ட் கர்னலாக உயர்த்தப்பட்டிருக்கிறார், அதுவும் கூட்டுக்கு முந்தைய தேதியிட்டு. தாலுகா ஆபீசில் சீனியாரிட்டி லிஸ்ட் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். கூட் முற்றுகையை மான்சனிடம் ஒப்படைத்துவிட்டு சென்னைக்குப் போய்விட்டார். என் ரெஜிமென்டையும் வங்காளத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். கெஞ்சிக் கூத்தாடி ரெஜிமென்டை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

மான்சன் வேலியைத் தாக்கினார். வேலி விழுந்தது, மான்சன் காலும் குண்டுபட்டு முறிந்தது. வேறு வழியில்லாமல் கூட்டை வருந்தி அழைத்தார்கள். செப்டம்பர் 20ஆம் தேதி ஆள் முகாமில் ஆஜர். ஓலை வரும் என்று எதிர்பார்த்து பெட்டியைப் பிரிக்காமலே உட்கார்ந்திருப்பார்போல.

அதன் பிறகு நடந்ததில் சிரிக்க அதிகமில்லை. நவம்பர் கடைசியில், தானியம் தீர்கிறது என்று லல்லி சுமார் 1,400 உள்ளூர்வாசிகளை வெளியே துரத்தினார். கூட் படை அவர்களை மேலே போக விடவில்லை. உள்ளேயும் போகமுடியாமல் கோட்டைக்கும் வேலிக்கும் நடுவே எட்டு நாள் கிழங்கும் வேரும் தோண்டித் தின்று கிடந்தார்கள். பிறகுதான் கூட்டுக்கு மனம் இளகியது. இரண்டு கனவான்களும் நாகரிகத்தில் குறைந்தவர்கள் இல்லை, ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களில் மட்டும். உள்ளே யானை, ஒட்டகம், நாய் எதையும் விடவில்லை. நாயிறைச்சி 24 ரூபாய்க்குப் போனது.

புத்தாண்டு பிறந்த இரவில் நம் கரைக்கே உரிய புயல் அடித்தது. ஆங்கிலக் கப்பல்கள் மூன்று மூழ்கின, ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள், மேலும் சில கப்பல்கள் கரை தட்டின. லல்லி குதூகலமாகிப் பழவேற்காட்டிலிருந்த தம் ஆளுக்குக் கடிதம் எழுதினார்: எதிரிக் கப்பல்கள் தொலைந்தன, படகில் அரிசி அனுப்பு, இப்போது விட்டால் பிடிக்கமுடியாது. அந்தக் கடிதத்தை முதலில் படித்தவர் கூட். சில நாளில் மற்ற கப்பல்கள் திரும்பி வந்து வாசலை அடைத்துக்கொண்டன.

1761 ஜனவரி 16 காலை வில்லியனூர் வாசல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இருபத்து நாலு வருஷமாக ஊர் விஷயம் எல்லாவற்றையும் தமிழில் எழுதிவைத்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே மாதத்தில் கண்மூடினார். லல்லி பல்லக்கில் வெளியேறியபோது சொந்த அதிகாரிகளே கூவி விரட்டினார்கள். பின்னால் வந்த துய்புவா என்ற கிழ அதிகாரி, எல்லார் ஊழலும் என் காகிதங்களில் இருக்கிறது என்ற தைரியத்தில் வாளுக்கு வாள் நின்றார். அங்கேயே குத்துப்பட்டுச் செத்தார். உடல் விழுந்தது, காகிதங்களைக் காணவில்லை. பிள்ளைவாளின் நாட்குறிப்பு யாருக்கும் புரியாத கணக்குப் புத்தகம்போல வீட்டில் கிடந்ததால் தப்பியது. 1846வரை யாரும் தேடவும் இல்லை.

ஜெயித்தாயிற்று, ஊர் யாருடையது? சென்னை கவர்னர் பிகட், கம்பெனிக்கு என்றார். கூட், ராஜாவுக்கு என்றார். அதிகாரிகள் கூடிப் பேசி கூட் பக்கம் நின்றார்கள். பிகட் வாதாடவில்லை. அப்படியானால் ராஜா படைக்குச் சம்பளமும் கைதிகளுக்குச் சாப்பாடும் ராஜாவே கொடுக்கட்டும், கம்பெனி ஒரு காசு தராது என்றார். ராஜா இருப்பது லண்டனில், சம்பளத் தேதி மாசக் கடைசியில். புதுச்சேரி கம்பெனிக்கே போனது. பிகட் அதைத் தரைமட்டமாக்கினார். லல்லியைப் பாரீசில் 1766இல், பேசிவிடக்கூடாதென்று வாயை அடைத்துத் தலை வெட்டினார்கள்.

கூட் மீண்டும் படைத் தலைவராகச் சென்னை வந்தது 1769இல். யாருக்கு யார் மேலே என்ற அதே தகராறு. 1770இல் பாஸ்ரா வழியாகத் தரைமார்க்கமாகவே நடையைக் கட்டினார். 1779இல் திரும்பவும் கல்கத்தாவுக்கு வந்தார். இந்த முறை கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆளை அளந்து வைத்திருந்தார். முகாமில் இருக்கும் காலத்துக்குச் சம்பளத்துக்குமேல் வருஷத்துக்குச் சுமார் 18,000 பவுன் பேட்டா, அதுவும் அயோத்தி நவாப் தலையில். கூட் உடனே ஹேஸ்டிங்ஸின் நண்பரானார்.

மைசூர் ஹைதர் அலி படையோடு இறங்கியதும் கூட் சென்னைக்கு ஓடிவந்தார். 1781 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு மேலே செம்மண் மேட்டில், கோட்டக்குப்பத்துக்குக் கூப்பிடு தூரத்தில், முகாம் போட்டிருந்தார். நிலத்தில் ஹைதர், கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள். கையிருப்பு அரிசி சில நாளுக்குத்தான். கடலூருக்கு நகர்ந்தும் தீரவில்லை. இருபது வருஷத்துக்கு முன் மற்றவர்களுக்கு அளந்த படி, அவருக்கே அளக்கப்பட்டது. பிரெஞ்சுத் தளபதி தோர்வ் கொஞ்சம் பொறுத்திருந்தால் நம் பள்ளிப் பாடமே மாறியிருக்கும். ஆனால் அவர் பிப்ரவரி 15 அன்று மொரீஷியஸ் பக்கம் பாய் விரித்துவிட்டார். ஏன் என்று ஹைதரும் கேட்டிருப்பார்.

ஜூலை 1 அன்று பறங்கிப்பேட்டையில் கூட் ஜெயித்தார். ஜெயித்த கையோடு கவர்னர் மெக்கார்ட்னியுடன் அதிகாரச் சண்டை. உடம்பு கெட்டு 1782இல் வங்காளம் போய், 1783 ஏப்ரலில் திரும்பும் வழியில் பிரெஞ்சுக் கப்பல்கள் துரத்த, தப்பிச் சென்னையில் இறங்கிய சில நாளில் செத்துப்போனார். சிப்பாய்களுக்கு மட்டும் அவர் கூட் பகதூர். கோட்டையில் மாட்டியிருந்த அவர் படத்துக்கே சலாம் போட்டார்களாம். கம்பெனி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் சிலை வைத்தது. அண்ணன் மகன் ஒருவருக்கும் அதே பெயர், அவரும் ஜெனரல். 1816இல் பட்டம் பறிக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய காகிதக் கட்டுகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவசரக்காரர்கள் அவர் வண்டவாளத்தைச் சித்தப்பன் தலையில் ஏற்றிவிடுவதுண்டு.

சித்தப்பனின் பேட்டா மட்டும் சாகவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க், ஹேஸ்டிங்ஸ்மேல் கொண்டுவந்த குற்றச்சாட்டுகளில் அதையும் சேர்த்தார். 1788இல் தொடங்கிய வழக்கு 1795இல் விடுதலையில் முடிந்தது. கூட் செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் பில் பாஸானது.