4.9 நட்சத்திர நிறுவனத்தின் சமூகத்துக்கு

வீட்டுக்கே வாத்தியாரை அனுப்பிவைக்கும் மகா கனம் பொருந்திய ட்யூஷன் ஆப் நிர்வாகத்தார் அவர்களுக்கு,

நாவலூரிலிருந்து 4.9 கோடி வணக்கம். ஐந்து கோடியாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் தங்கள் முகப்பில் ஒளிரும் எண்ணைவிடப் பெரிய எண்ணைத் தங்கள் முன்னாலேயே உச்சரிப்பது மரியாதையாக இருக்காது.

நேற்று மாலை தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். என் மகளுக்குப் புள்ளியியல் சொல்லித்தரத் தாங்கள் அனுப்பிய நிபுணருக்கு நான் போட்ட இரண்டு நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்களாம். ஏன் தம்பி என்று கேட்டேன். “எல்லாரும் அஞ்சு போட்டிருக்காங்க மேடம், நீங்க மட்டும் ரெண்டு. சிஸ்டம் உங்கள அவுட்லையர்னு தூக்கிடுச்சு. ஆவரேஜ் கெட்டுடும் பாருங்க” என்றார். கையோடு, இந்த அழைப்பு எப்படி இருந்தது என்று ஐந்துக்கு மதிப்பெண்ணும் கேட்டார்.

என் புகுந்த வீட்டார் இத்தனை காலம் முயன்றும் முடியாத காரியம் இது. என்னைக் கணக்கில் சேர்க்காமல் விட அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் தேடவேண்டியிருந்தது. தங்கள் சிஸ்டம் ஒரே சொல்லில் முடித்துவிட்டது. பாராட்டுகள்.

மகள் பி.எஸ்ஸி. உளவியல், இரண்டாம் ஆண்டு. ஸ்டாட்ஸில் அரியர். பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மனசைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று ஆசையாகச் சேரும் பிள்ளைகளை முதல் வருஷத்திலேயே திட்டவிலக்கமும் டி-டெஸ்ட்டும் வாசலில் மறித்துக்கொள்ளும். பாடத்தின் மேல் தப்பில்லை. தர ஒட்டுறவுக் கெழுவைத் தந்த சார்லஸ் ஸ்பியர்மனே ஓர் உளவியல்காரர்தான். மனசை அளக்கவும் அளவுகோல் வேண்டும். ஆனால் கல்லூரியில் அதைச் சொல்லித்தர வந்த கெஸ்ட் லெக்சரர் செமஸ்டர் நடுவில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஸ்லைடைப் பார்த்துப் படித்தார். பரீட்சை மட்டும் சொன்ன தேதிக்குத் தவறாமல் வந்தது.

ரிசல்ட் பார்த்து நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத் தங்கள் குறுஞ்செய்தி வந்தது. ஜூன் 29, புள்ளியியல் தினம், மகலனோபிஸ் பிறந்த நாள். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். இவ்வளவு பெரிய தேசத்தையும் சரியாக எடுத்த சிறு மாதிரிகளைக் கொண்டு அளந்துவிடலாம் என்று செய்து காட்டியவர். அவர் நினைவாக இந்த நாளை 2007 முதல் அரசாங்கம் கொண்டாடுகிறது. தாங்கள் பதிவுக் கட்டணத்தில் தள்ளுபடி தந்து கொண்டாடினீர்கள்.

தள்ளுபடி போகப் பதிவுக் கட்டணம், டெமோ கட்டணம், வசதிக் கட்டணம், ஒரு மாத முன்பணம், எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. நாவலூர் சுங்கச்சாவடியில் 2023 அக்டோபரில் வசூலை நிறுத்தியதிலிருந்து எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை பரபரவென்றுதான் இருந்தது. அந்தக் குறையைத் தாங்கள் தீர்த்துவைத்தீர்கள். என்ன, அங்கே காசு கட்டினால் கட்டையைத் தூக்கினார்கள்.

இங்கே முதலில் வந்தவர் பத்தாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. கணக்கு எடுப்பவர். நல்ல மனிதர். “மீன், மீடியன், மோடு வரைக்கும் நான் வருவேங்க, அதுக்கு மேல பாதை தெரியாது” என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார். அவருக்கு நான் மனதார ஐந்து போட்டிருப்பேன். அடுத்தவர், ஸ்டாட்ஸெல்லாம் பழசு, இப்போது எல்லாமே டேட்டா சயன்ஸ் என்று சொல்லி மகளின் லேப்டாப்பில் பைத்தானை இறக்கிவைத்துவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேயே சுருண்டு படுத்திருக்கிறது.

நான் குரலை உயர்த்தியதும், “உங்க ஏரியால ஸ்டாட்ஸ் ஆள் கிடைக்கிறதே கஷ்டம் மேடம்” என்றது தங்கள் தரப்பு. உண்மையாகத்தான் இருக்கும். ஓ.எம்.ஆரின் வடக்குக் கோடியில், தரமணியில் அதே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சென்னை மையம் இருக்கிறது. எங்களுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில், சிறுசேரி சிப்காட்டில் சென்னை மேதமாட்டிகல் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. தாம்பரம் பக்கம் திரும்பினால் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியலுக்கென்றே ஒரு துறை. இடையில் இருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் மாடிக்கு மாடி டேட்டா சயன்டிஸ்ட். இத்தனைக்கும் நடுவில் நாவலூரில் ஒரு பிள்ளைக்குக் கை-வர்க்கச் சோதனையைச் சொல்லித்தர ஆள் இல்லை. சுற்றிலும் தண்ணீர் லாரி ஓடும் ஊரில் குழாயில் தண்ணீர் வராததற்குப் பழகிய எங்களுக்கு இது ஒன்றும் அதிர்ச்சி இல்லை.

சி.ஆர். ராவ் நினைவுக்கு வருகிறார். அன்றைய சென்னை மாகாணத்தின் ஹடகளியில் 1920இல் பிறந்து, 1945இல் எழுதிய ஒரே கட்டுரையால் உலகப் பாடப்புத்தகங்களில் நிரந்தர இடம் பிடித்து, 2023இல் தம் 102ஆம் வயதில் சர்வதேசப் புள்ளியியல் பரிசு பெற்றவர். அவரே தங்களிடம் பதிவு செய்திருந்தாலும், ‘புதியவர், மதிப்பீடு இல்லை’ என்று போட்டுப் பட்டியலின் அடியில் தள்ளி, டெமோ வகுப்பு எடுக்கச் சொல்லியிருப்பீர்கள். 4.9 இல்லாத மனிதர் என்ன மனிதர்!

தங்கள் விளம்பரத்தில் இன்னொரு வரி: ‘எங்கள் ஆசிரியர்களின் சராசரி அனுபவம் 12 ஆண்டுகள்’. இதை மகள்தான் எனக்குப் பிரித்துக் காட்டினாள். 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள் இருவர். கூட்டி மூன்றால் வகுத்தால் 12 வருகிறது. வரிசையில் நிறுத்தி நடு ஆளைப் பார்த்தால் பூஜ்யம். நம் வீட்டுக்கு வருவது சராசரி இல்லை அம்மா, நடு ஆள்தான் என்றாள். இடைநிலை என்றால் என்ன என்று அவளுக்குப் புரியவைத்த ஒரே பாடநூல் தங்கள் விளம்பரம். அதற்குத் தனியாக 4.9.

கடைசியாகத்தான் நிபுணர் வந்தார். நிபுணரின் பெயரைப் பணம் கட்டும்வரை சொல்லமாட்டீர்கள். ‘புள்ளியியல் நிபுணர், 4.9’ என்று மட்டும் இருந்தது. பெயர் மறைப்பது புள்ளியியலில் கௌரவமான மரபுதான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடக்கூடாது என்று ஆலை சொன்னதால், 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் டி-டெஸ்ட்டை உலகத்துக்குக் கொடுத்தார். நிபுணர் ஒருவர் மாணவர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தாங்கள் அந்த மரபைத் திருப்பிப் போட்டீர்கள். மாணவி ஒருத்திக்கு நிபுணர் என்று பெயர் வைத்து அனுப்பினீர்கள்.

கதவைத் திறந்த என் மகள், “ஏய், நீயா?” என்றாள். வாசலில் நின்றது அவளுடைய வகுப்புத் தோழி. அதே கல்லூரி, அதே பாடம், அதே பேப்பரில் அதே அரியர்.

அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று பஸ் மாறி வந்திருக்கிறாள். பி.எஸ்ஸி. படிக்கிறேன் என்றுதான் உங்கள் படிவத்தில் எழுதினாளாம். நிபுணர் என்பதும் 4.9 என்பதும் நீங்கள் ஒட்டியது. என்னிடம் வாங்கிய முதல் மாதப் பணம் முழுவதும் உங்கள் கமிஷன். அவளுக்கு இரண்டாம் மாதத்திலிருந்துதான் காசு, அதுவும் நாங்கள் தொடர்ந்தால். அதற்குள் ஆளை மாற்றிவிட்டால் அடுத்தவருடைய முதல் மாதமும் உங்களுக்கே. அரியர் கட்டணம் கட்ட வழியில்லாமல் வேலைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் பஸ் காசிலும் கை வைக்கிறீர்கள். படிக்கவைக்க வக்கில்லாத கல்லூரி ஒரு பக்கம் வாங்குகிறது, சொல்லித்தர ஆளில்லாத நீங்கள் இன்னொரு பக்கம் வாங்குகிறீர்கள். தோற்ற பிள்ளையை வைத்தே தோற்ற பிள்ளைக்கு வியாபாரம். வெட்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும். அவுட்லையர் புத்தி, அவ்வப்போது வெளியே வந்துவிடுகிறது. தங்கள் திறமையைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம்.

திறமை எவ்வளவு பெரியது என்று பார்க்கிறேன். பாதியில் விட்டுப்போனவர்களுக்கு நட்சத்திரம் போடும் சுட்டியே வருவதில்லை. முன்பணம் கட்டித் தொலைத்ததால் எனக்குத் தவறிப்போய் வந்துவிட்டது. இரண்டு போடுகிறவர் எவராயிருந்தாலும் அவரைத் தனியே பிடித்து அவுட்லையர் என்று வெளியே அனுப்பிவிடுகிறீர்கள். அடுத்த இரண்டும் அவுட்லையர், அதற்கடுத்த இரண்டும் அவுட்லையர். மிச்சமிருப்பது அத்தனையும் ஐந்து. எனக்கு ஒரே சந்தேகம்தான்: அப்படியானால் 4.9 எப்படி வந்தது? முழுசாக ஐந்துதானே வரவேண்டும்? யோசித்ததில் பிடிபட்டது. அந்த 0.1, அழகான குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு. கண் பட்டுவிடக்கூடாது என்று தாங்களே மையைத் தொட்டு வைத்துக்கொண்டது.

விட்டுப்போனவர்களைப் பற்றி யோசித்த ஒரு மனிதர் உண்டு. ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களில் எங்கெல்லாம் ஓட்டையோ அங்கே கவசம் போடத் தோன்றுவது இயல்பு. வால்ட் போட்ட கணக்கு வேறு. இந்த இடங்களில் அடிபட்டும் இவை திரும்பி வந்துவிட்டன. அடிபட்டுத் திரும்பாதவற்றில் ஓட்டை எங்கே இருந்திருக்கும் என்று பாருங்கள், கவசம் அங்கேதான் வேண்டும். அந்த வால்ட், இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த இடத்தில், 1950 டிசம்பர் 13 அன்று நம்முடைய நீலகிரியில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். திரும்பாதவர்களையும் எண்ணு என்று சொன்னவரின் உயிர் போன மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, திரும்பியவர்களை மட்டும் எண்ணி 4.9 போடுகிறீர்கள். மகளின் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது: ஓர் எண் கூட்டத்தை விட்டு விலகி நின்றால், ஏன் நிற்கிறது என்று முதலில் போய்ப் பார், பதிவில் பிழை இருந்தால் திருத்து, பிழை இல்லையென்றால் உன் இஷ்டத்துக்கு அழிக்காதே.

சட்டத்தைக் காட்டித் தங்களை மிரட்டும் எண்ணம் எனக்கில்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய நெறிமுறைகள், பட்டப்படிப்பு முடிக்காதவரை ஆசிரியராக வைக்கக்கூடாது என்கின்றன. ஆனால் அவை 50 மாணவர்களுக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு. தாங்கள் மையமே இல்லை. பணம் வாங்கும்போது நிறுவனம், கேள்வி கேட்டால் ‘நாங்க வெறும் பிளாட்ஃபார்ம் மேடம்’. அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆசிரியர்களின் தகுதியைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்யக்கூடாது என்று பயிற்சித் துறைக்கு விதி போட்டது. தங்கள் சிஸ்டம் அந்த விதியையும் அவுட்லையர் என்று தூக்கியிருக்கும்.

ஆகவே, 4.9 பணிவுடன் நான் கேட்பது கொஞ்சம்தான். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் போட்டது, எத்தனை பேர் விட்டுப்போனது என்ற இரண்டு எண்களையும் போடுங்கள். சராசரி அனுபவத்தோடு இடைநிலையையும் சொல்லுங்கள். வாத்தியாரின் பட்டத்தைப் பணம் வாங்குவதற்கு முன்னால் காட்டுங்கள். அந்தப் பெண் வந்து போன நாட்களுக்குரிய கூலியை அவள் கணக்கில் போடுங்கள். என் முன்பணத்தில் மிச்சத்தை எனக்கு அனுப்புங்கள். ஜி.எஸ்.டி.யைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், பொட்டுக்கு மை வாங்க உதவும்.

இப்படிக்கு,
தங்கள் சராசரியைக் கெடுத்த நாவலூர்த் தாய்

பி.கு.: இது நிர்வாகத்துக்கு இல்லை, வரிசையில் அடுத்து நிற்கும் பெற்றோருக்கு. நட்சத்திரத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் புள்ளியியல் துறை அறிவிப்புப் பலகைக்குப் போய், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை யாராவது உண்டா என்று விசாரியுங்கள். முதல் மாதச் சம்பளத்தை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.