மே மாதத்தில் மனிதர் மலையேறுவது ஏன்?

மனிதர் ஏன் ஊர் சுற்றுகிறார் என்ற கேள்விக்குச் சமூகவியலாளர் கிரகாம் டேன் 1977-இல் இரண்டே சொற்களில் விடை சொன்னார்: தள்ளுவிசை, இழுவிசை. வீடு தள்ளுகிறது, ஊர் இழுக்கிறது. வங்கிக் கதவுகளில் 'தள்ளு', 'இழு' என்று எழுதி வைத்தவர்கள் இத்துறையின் முன்னோடிகளா என்பது தனி ஆய்வுக்குரியது.

தமிழ்நாட்டில் தள்ளுவிசையை அளப்பது எளிது. பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. மூன்றாம் நாளே பிள்ளைகள் சோபாவின் மேல் ஏறிக் குதிக்கிறார்கள். இழுவிசை, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியின் குளிர்.

இங்கேதான் கொள்கை இடறுகிறது. குளிரைத் தேடி ஏறிய குடும்பம், போய் இறங்கியதும் அதை விரட்டத் தொடங்குகிறது. அப்பா சாலையோரக் கடையில் பேரம் பேசிக் குரங்குக் குல்லா வாங்குகிறார். படகுத்துறை அருகே மிளகாய் பஜ்ஜியும் கொதிக்கும் டீயும். விடுதியில் அம்மா கேட்கும் முதல் கேள்வி: "தம்பி, சுடுதண்ணி வருமா?"

ஆக, இழுத்தது குளிர் அல்ல. மூன்றாவதாக ஒரு விசையை முன்மொழியலாம்: போய்விட்டு வந்தவர்.

நாத்தனார் குடும்பம் தாவரவியல் பூங்காப் புல்வெளியில் நின்று எடுத்த படம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. பத்தாம் நாள் அதே புல்வெளி, அதே மரம், வேறு குடும்பம்.

வரலாறும் இதற்குச் சான்று. தோடரும் கோத்தரும் படகரும் காலங்காலமாக வாழ்ந்த நீலகிரிக்குக் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் ஏறினார். அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மேலே போய்விட்டு வந்து குளிர்ச்சியைப் புகழ்ந்திருந்தார்கள். உதவியாளர் பார்த்ததைக் கலெக்டர் பார்க்காமல் இருப்பதா?

கொடைக்கானல் இன்னும் வலுவான சான்று. 'டெவில்ஸ் கிச்சன்' எனப்பட்ட குகை, 1991-இல் வந்த 'குணா' படத்தால் 'குணா குகை' ஆயிற்று. 2024-இல் அதே குகையைக் களமாகக் கொண்ட 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் வந்ததும் கூட்டம் அலைமோதிற்று. குகை என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. உள்ளே இறங்கவும் முடியாது, வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம்.

'அமைதிக்காகப் போகிறோம்' என்ற மறுப்பு, ஊட்டி செல்லும் வழியிலுள்ள பர்லியார் சோதனைச் சாவடி வரிசையிலேயே அடிபட்டுப் போகிறது. போய்விட்டு வந்தவர்கள் பெருகியதன் விளைவாக, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. மறு ஆண்டுக் கோடையில், வார இறுதி நாட்களில் ஊட்டிக்கு நாளொன்றுக்கு 8,000 சுற்றுலா வண்டிகள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றமே வரம்பு கட்டிற்று.