யோவான் விகாரம்

நூற்பொருள்: எபிரேயத்தில் யோகனான் எனப் பிறந்த ஒரு பெயர் போன இடமெல்லாம் பட்ட பாட்டை இலக்கண நெறிப்படி வகுத்துரைத்தல். ‘யோ’ என்பது யாவே என்னும் இறைப்பெயரின் குறுக்கம். ‘கனான்’ என்றால் அருளினார். திருமுழுக்குக் கொடுத்த யோவான் பிறந்தபோது சொந்தக்காரர்கள் முதலில் இந்தப் பெயரை ஏற்கவில்லை. பிள்ளைக்குத் தகப்பன் பெயரான செக்கரியாவையே வைக்கப் பார்த்தார்கள். உறவில் இப்படியொரு பெயர் யாருக்கும் இல்லையே என்று தாய் எலிசபெத்திடம் மல்லுக்கு நின்றதை லூக்கா எழுதியிருக்கிறார். இன்று அந்தப் பெயர் இல்லாத உறவுக்கூட்டத்தை ஐரோப்பாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். நம் பெயருக்குக் கெடுதலே அதிகம்.

முதற்குறைக்கு ஜெர்மானியரின் ஹான்ஸும் ஃபின்லாந்தாரின் ஹன்னுவும் சான்று. இங்கே ஒரு சமயச் சிக்கல் உண்டு. வெட்டுண்ட ‘யோ’தான் கடவுள். ஆகவே ஹான்ஸ் என்பவர் கடவுள் நீங்கிய அருள். பெயருக்குப் புகழ் தேடித் தந்தவருக்கே ஏரோதின் ஆணையால் தலைதானே போயிற்று, ஆகவே இவ்வகையே நேர்மையானது என்பாரும் உளர். நாம் உடன்படோம்.

கடைக்குறை டச்சு, போலந்து நாட்டாரின் யான். கடவுள் பத்திரமாக இருக்கிறார். அருளில் ஒரு னகரம் மட்டும் மிச்சம். டச்சுக்காரர் யான், ரஷ்யர் இவான், வேல்ஸ்காரர் எவன். இவானைச் சற்றே குறுக்கினால் தன்மை, படர்க்கை, வினா மூன்றும் ஒரே பெயருக்குள் அடங்கும். இதைக் கொண்டு தமிழே உலக முதன்மொழி என்று யாரும் மாநாடு கூட்ட வேண்டாம்.

இடைக்குறை கிரேக்கர் செய்த வேலை. நடுவில் இருந்த தொண்டையொலிக்கு அவர்களிடம் எழுத்தில்லை, விழுங்கிவிட்டார்கள். பிற்கால லத்தீன் எழுத்தர்கள் அங்கே ஒரு ஹகரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள், இது தோன்றல். ஆங்கிலேயர் அந்த எழுத்தை, வாடகை கொடுத்துப் பூட்டி வைத்த அறை போல, இன்றும் எழுதுகிறார்கள், உச்சரிப்பதில்லை.

திரிதலுக்கு முடிவில்லை. இத்தாலியில் ஜொவான்னி, ஸ்பெயினில் ஹுவான், பிரான்சில் ழான். நார்மானியர் கொண்டுபோன ழானை அயர்லாந்தார் காதில் வாங்கிய விதம் ஷான்.

போலி: ஜாக் நம்மவன், ஆனால் பிரெஞ்சு ழாக், யாக்கோபின் வாரிசு. யோனத்தானும் போலியே, அதன் பொருள் ‘யாவே தந்தார்’. அருளுவதும் தருவதும் ஒன்றுதானே என்று கேட்பவர், கடன் கேட்டுப் பார்த்திராதவர்.

வகைக்குள் அடங்காதது குர்ஆனின் யஹ்யா. அப்பெயர் அவருக்கு முன் எவருக்கும் இடப்படவில்லை என்று மர்யம் அத்தியாயமே சொல்லிவிடுவதால், வகுக்க வந்தவன் வாயை மூடிக்கொள்வதே முறை. அரபுக் கிறித்தவரின் யூஹன்னாவோ திரிதலுள் அடங்கும்.

கடைசி வகை தமிழ்க் கத்தோலிக்கருடையது. ஒலியை அடியோடு விட்டுவிட்டு, அருளைப் பிடித்துக்கொண்டு, மரியாதைக்கு ‘அப்பர்’ சேர்த்து அருளப்பர் என்றார்கள். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோவும் இப்படித்தான் அருளானந்தர் ஆனார். பல மனைவியரை மணந்திருந்த மறவர் தலைவர் ஒருவர் அவர் போதனையால் மனம் மாறி ஒருத்தியைத் தவிர மற்றவரை விலக்கியதில் மூண்ட பகையால், 1693இல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. பெயரோடு பெயரின் விதியும் மொழிபெயர்க்கப்பட்டது போலும்.

ஸ்நாபக அருளப்பரைச் சீர்திருத்தத் திருச்சபையார் யோவான்ஸ்நானகன் என்றார்கள். இரு சாராரும் கூடி 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் அவர் திருமுழுக்கு யோவான் ஆனார். ஸ்நானம் தமிழாயிற்று, அருளப்பர் எபிரேயர் ஆனார். ஒற்றுமைக்கு இது தேவைப்பட்டிருக்கலாம். இலக்கணத்தின் ஓட்டு அருளப்பருக்கே.