குளிர்ச்சிக்காகப் பூசிக்கொள்பவர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, காலையில் பத்திரிகையும் மாலையில் பூங்காவுமாகக் காலட்சேபம் செய்யும் கனவான்களுள் ஒரு தனி வர்க்கத்தார் உண்டு. இவர்களுக்கு நரையைப் பற்றி எள்ளளவும் விசாரம் கிடையாது, உடம்பில் உஷ்ணம் மட்டும் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த உஷ்ணமும் விசேஷமானது: சித்திரை வெயிலிலெல்லாம் அடங்கிக் கிடந்து, வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்த மறுகணம் உச்சந்தலைக்கு ஏறிவிடும்.

சனிக்கிழமை இரவே கிரியைகள் ஆரம்பமாகிவிடுகின்றன. மறுநாள் பஜ்ஜிக்கென்று அம்மாள் துலக்கி வைத்த இரும்பு வாணலி அபகரிக்கப்பட்டு, அதில் மருதாணிப் பொடியும் நெல்லிக்காய்ப் பொடியும் தேயிலை டிகாக்‌ஷனில் குழைக்கப்பட்டு, விடியும்வரை மூடி வைக்கப்படும். துவர்ப்பும் இரும்பும் கூடினால் கருமை பிறக்கும் என்பது மெய்தான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் எழுதும் மை காய்ச்சியதும் அந்த ரகசியத்தைக் கொண்டுதான். ஆயினும் கருமையில் பெரும்பங்கு வாணலியோடு தங்கிவிட, தலைக்கு வந்து சேர்வது மருதாணியின் செம்மையே. அது நரைமயிரைப் பற்றிக்கொண்டால் லேசில் விடுகிற வஸ்துவல்ல.

அதன்மேல் அவுரி இலைப் பொடியையும் பூசினால்தான் கறுக்கும். திண்டிவனத்துப் பக்கத்து அவுரியை அவர் பிரயாசைப்பட்டுச் சம்பாதித்தே வைத்திருக்கிறார்; இரவெல்லாம் ஊற வைக்காமல், குழைத்த கையோடு பூச வேண்டிய பொடி அது என்பதும் அவர் அறியாததல்ல. ஆனால் மூன்று மணி நேரம் மருதாணிச் சேற்றைச் சுமந்து, நெற்றியில் வழிவதைப் பழைய துண்டால் ஒற்றி, அலசி முடிப்பதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிடுகிறது. சாப்பிட்டால் தூக்கம் வந்துவிடுகிறது. ஆகவே அவுரி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போடப்பட, வாரம் முழுவதும் நம் கனவான் அஸ்தமன சூரியனைத் தலையில் தாங்கிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறார்.

மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளர்வதால், வகிடருகே தெரியும் வெள்ளைக் கீற்றின் அகலத்தைக் கொண்டே, அவர் கடைசியாகப் போன முகூர்த்தம் எந்த மாதத்தது என்று சொல்லிவிடலாம்.

ஒரு விஷயத்தில் நியாயம் அவர் பக்கம். கறுப்பு மருதாணி என்ற பெயரில் விற்கும் பொட்டலங்கள் பலவற்றில் பாரா-ஃபினைலீன்-டையமின் என்ற ரசாயனம் கலந்திருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது முகத்தையே வீங்க வைத்துவிடும். அதை அவர் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

பூச்சும் கையுமாக இருக்கையில் யாரேனும் வந்துவிட்டால், கேட்பதற்கு முன்பே சமாதானம் வந்துவிடும். “குளிர்ச்சிக்கு சார்! கண்ணுக்கு ரொம்ப நல்லது.”

“ஆமாம், கண்ணுக்குத்தான்,” என்று உள்ளிருந்து அம்மாளின் குரல் வரும். “பார்க்கிறவங்க கண்ணுக்கு.”

சென்ற வாரம் பேரன்தான் அருகில் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, “மீசைக்கு எதுக்குத் தாத்தா பூசியிருக்கே?” என்று கேட்டான்.

தாத்தா அசரவில்லை. “கண்ணிலேருந்து இறங்குற உஷ்ணம் பின்னே எந்த வழியாடா போகும்?” என்றார்.